இரண்டாம் நம்பர் கிரேனுக்கு நான் செய்த ஜெபம்

எஸ்தர், நைனா எழுதுகிறேன். போனில் பேசினால் வழக்கம்போலப் பாதியில் குரலை உயர்த்திவிடுவேன், நீயும் "சரி நைனா, வெச்சுடறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். போன வாரம் உன் கல்யாண ஏற்பாடுகளைப் பற்றிப் பேசும்போது, கர்த்தர் எனக்குச் செய்ததை மேடையில் சாட்சியாகச் சொல்லும்படி பாஸ்டர் கேட்டிருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன். நீ உடனே, "அந்தச் சாட்சிய மட்டும் சொல்லாதீங்க நைனா. சொன்னீங்கன்னா நான் பாட்டுக்கு எழுந்து போய்க்கினே இருப்பேன்" என்றாய். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா இது என்று உன் அம்மாவிடம் கத்தினேன். கல்யாணப் பத்திரிகைகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அவ சொன்னதுல இன்னா தப்பு?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் நான் ஒருவன்தான் அதைச் சாட்சி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நடந்தது உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன். இத்தனை வருஷம் பாதியைத்தான் சொல்லி வந்திருக்கிறேன், மீதிப் பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டு. வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. படிக்கட்டும்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலைக்குள் நுழைந்தபோது எனக்குப் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ. சான்றிதழும்தான் இருந்தன. என் அப்பா காலமெல்லாம் பிறத்தியார் நெல் வயலில் அறுத்துக் கட்டு தூக்கியவர். எங்கேயும் கைநாட்டு வைத்தே பழகியவர். ஆலையில் பன்னிரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்த பிறகு, இரண்டாம் நம்பர் கிரேன் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுமே, டன் கணக்கில் இரும்பு உருளைகளைத் தூக்கிப் போகுமே, அந்தக் கிரேன். தினமும் காலையில் அதன் பிரேக்கையும் கொக்கியையும் இரும்புக் கயிற்றையும் பார்த்துவிட்டு, செக் லிஸ்டில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அது நகரும். என் கையெழுத்துக்கு ஒரு கிரேன் காத்து நிற்கிறது என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது உன் ரூல்டு நோட்டில் அந்தக் கையெழுத்தைப் போட்டுக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா?

அதே சமயத்தில்தான் சபையிலும் எனக்கு ஒரு இடம் கிடைத்தது. ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால், டூல் ரூமுக்குப் பின்னால் நாங்கள் ஆறு பேர் கூடி ஜெபிப்போம். நான்தான் நடத்துவேன். மாதத்தின் முதல் நாள் ஜெப எண்ணெயைக் கொண்டுபோய், கிரேனின் கொக்கியில் ஒரு சொட்டு வைத்து, கண்ணை மூடிக் கை வைத்து ஜெபிப்பேன். இதில் பொய் இல்லை எஸ்தர். மனதாரத்தான் செய்தேன். என் கிரேனுக்குக் கீழே வேலை செய்கிற ஒருத்தனுக்கும் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்றுதான் கேட்டுக்கொண்டேன். ஆனால் நாளாக ஆக, ஜெபம் முடித்த கையோடு கயிற்றைக் கீழேயிருந்து அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். பார்க்க வேண்டியதையும் கர்த்தரிடமே ஒப்படைத்துவிட்டேன். அதற்கு விசுவாசம் என்று பேர் வைத்தேன். சோம்பல் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆலையில் பூஜைக்கு முந்தின நாள் எல்லா மிஷினையும் நிறுத்திவிட்டு, மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். வருஷம் முழுக்க ஏறின கிரீஸும் கசடும் அன்றுதான் போகும். கிரேன் கயிற்றையும் இறக்கி, பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத் துணியால் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்துத் துடைப்பார்கள். அதற்குப் பிறகுதான் பொட்டும் மாலையும். ஒன்றாம் நம்பர் கிரேனைத் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலை என்னிடம் வந்தான். அவன் கலாசி. கிரேன் தூக்கும் சுமைக்குச் சங்கிலி மாட்டி, கைகாட்டி, இறங்குகிற இடத்தில் நின்று வாங்குகிறவன். சுமைக்கு மிக அருகில் நிற்கிற ஆள் அவன்தான். "அண்ணே, பூஜையில வந்து நிக்க வேணாம். உங்க சாமி வேற, அது எனக்குத் தெரியும். இந்தா துணி, கயித்த மட்டும் தொடச்சு உட்டுடு" என்று துணியை நீட்டினான்.

இதைத்தான் நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அவன் துணியை நீட்டியபோது என் காதில் விழுந்தது வேறு. ஏழுமலையின் குடும்பத்துக்குக் கவரைப்பேட்டைப் பக்கம் நிலம் இருந்தது. என் அப்பா அறுத்துக் கட்டு தூக்கியது அவர்கள் வயலில்தான். பங்கு பிரித்து, விற்று, அவனும் என்னைப் போலவே ஆலைக்கு வந்தவன்தான். அவன் குரலில் ஒரு அதிகாரமும் இல்லை, என்னை அண்ணன் என்றுதான் கூப்பிட்டான். ஆனால் அவன் கொடுத்து நான் துணி வாங்கித் துடைப்பதா என்று உள்ளே ஒன்று சிலிர்த்துக்கொண்டு நின்றது. "விக்கிரகத்துக்காகத் தொடைக்கிற துணிய நான் தொட மாட்டேன். என் கிரேன்ல எவனும் கை வைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் விசுவாசம் என்று சொன்னதில் முக்கால்வாசி வீம்பு. கடவுள் பேரைச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்பதால் அவர் பேரைச் சொன்னேன். எல்லோரும் கீழே துடைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் எண்ணெய்ப் புட்டியோடு என் கிரேனுக்குப் போய், அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தேன். அந்த ஆலையில் துடைக்காமல் நின்றது என் கிரேன் ஒன்றுதான்.

நான்கு நாள் கழித்து நீ வந்தாய். டிப்ளமோ மூன்றாம் வருஷம், பத்து நாள் பயிற்சி. என் பெண் மெக்கானிக்கல் படிக்கிறாள் என்று மேனேஜர் கேபின்வரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இரண்டாம் நாளே நீ கொக்கியைத் தரையில் இறக்கச் சொல்லி, கையில் பனியன் வேஸ்ட்டோடு உட்கார்ந்துவிட்டாய். நான் வந்து பார்க்கும்போது கயிற்றில் ஓர் இடத்தில் கிரீஸ் போயிருந்தது, உன் விரல்கள் கறுப்பாக இருந்தன. "நைனா, துணி மாட்டுது" என்றாய். "கிரீஸ்ல ஒண்ணும் தெரியல. தொடச்சா மாட்டுது. இந்த ஒரு முறுக்குக்குள்ள மட்டும் பதினாலு இழை அறுந்துகீது. இத மாத்தணும் நைனா." நோட்டில் கயிற்றின் படம் போட்டு, எந்த இடம் என்று அம்புக்குறி போட்டு, எண்ணிக்கையை எழுதி, தேதியும் போட்டிருந்தாய்.

நான் என்ன செய்தேன்? குனிந்து பார்க்கவில்லை. குனிந்தால் தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஐந்து நாளைக்கு முன்னால் ஆலையே வேடிக்கை பார்க்க, துணியை மறுத்து எண்ணெய் பூசியவன், இப்போது போய்க் கயிறு கெட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வது? "ஜெபிச்ச கயித்த சந்தேகப்படறதும் ஒண்ணு, ஜெபத்த சந்தேகப்படறதும் ஒண்ணு. புஸ்தகப் படிப்பு வந்ததும் விசுவாசம் போயிடுச்சா உனக்கு?" என்று கேட்டேன். உன் நோட்டை வாங்கி அந்தத் தாளைக் கிழித்தெடுத்தேன். உன் முகம் சிவந்து போனது. ஒரு தொழில் படிக்கிற பிள்ளை தன் கண்ணால் பார்த்து, கையால் எண்ணிச் சொன்ன முதல் உண்மையை, அவளைப் பெற்றவனே சாமி பேரைச் சொல்லி அடக்கினான். மறுநாள் காலையில் செக் லிஸ்டில் கயிறு என்ற இடத்துக்கு எதிரே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு அடுத்த நாளும் போட்டேன்.

அந்த அடுத்த நாள்தான் அறுந்தது. முதல் ஷிஃப்ட், காலை டீ வந்த நேரம். உருளை நெஞ்சு உயரத்துக்கு இறங்கியிருந்தது. அன்று என் கிரேனுக்குக் கலாசியாக அதை வாங்க நின்ற ஏழுமலை, டீக்காரன் கூப்பிட்டதற்குத் திரும்பி ஓர் அடி பின்னால் வைத்தான். அந்த ஓர் அடியில்தான் உயிர் தப்பியது. இடது கால் தப்பவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் கயிறு காலையில் நன்றாக இருந்தது என்றேன். "பயிற்சிக்கு வந்த பொண்ணு எதாவது பாத்துச்சா?" என்று அவர்கள் உன் பக்கம் திரும்பியபோது, நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் நான், "அது சின்னப் பொண்ணு சார், அதுக்கு இன்னா தெரியும்" என்றேன். கயிறு வந்தபோதே தரக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். என் வேலை பிழைத்தது.

இரண்டு வாரம் கழித்து சபையில் சாட்சி நேரத்தில் எழுந்தேன். நான் எண்ணெய் பூசி ஜெபித்த கிரேன், கயிறே அறுந்தும் ஒரு உயிர்கூடப் போகவில்லை, கர்த்தர் ஓர் அடி பின்னால் இழுத்தார் என்று சொன்னேன். தகரக் கூரை அதிர அல்லேலூயா சொன்னார்கள். நீ பெண்கள் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய், ஜெபிக்கிறாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஆரணியில் கூப்பிட்டார்கள், பொன்னேரியில் கூப்பிட்டார்கள், ஆந்திரா எல்லையைத் தாண்டியும் இரண்டு இடத்தில் பேசினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிப் போனது. இதை எழுதும்போது கூசுகிறது. ஒருத்தன் காலை எடுத்து எனக்கு மாலையாகப் போட்டுக்கொண்டேன்.

நீ அதற்குப் பிறகு பி.இ. சேர்ந்தாய், பிறகு கிரேன்களையும் தூக்கு கருவிகளையும் சோதித்துச் சான்று கொடுக்கிற வேலைக்கே போனாய். ஏன் அந்த வேலை என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்பதால் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, நீ சபைக்கு வருவது குறைந்துபோனபோது, "இப்பல்லாம் ஜெபிக்கிறியா இல்லையா?" என்று அதட்டினேன். "ஜெபிக்கிறேன் நைனா. ஏணி ஏறறதுக்கு முன்னாடி, கண்ணு சரியா தெரியணும்னு கேட்டுக்குவேன். அவ்ளோதான்" என்றாய். இவ்வளவு சின்ன ஜெபமா என்று அப்போது எனக்கு ஏளனமாக இருந்தது. என் முப்பது வருஷ ஜெபத்தில் ஒரு நாளும் நான் அதைக் கேட்டதில்லை.

உன்னோடு போனில் பேசிய மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஏழுமலையைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியில் அவன் தலைமாட்டில் நின்று ஜெபித்துவிட்டு வந்த பிறகு நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் அவனும் அவன் மனைவியும் நாஷ்டா கடை போட்டிருக்கிறார்கள். இட்லி பார்சல் கட்டிக்கொண்டிருந்தவன், கையைத் துடைத்துவிட்டுப் பத்திரிகையை வாங்கினான். "பாப்பாவுக்கா? அதுவே சொல்லிட்டுப் போச்சு" என்றான். எனக்குப் புரியவில்லை. "மாசத்துக்கு ஒரு தபா வரும்ணே. உனுக்குத் தெரியாதா? இந்தக் கட்டக் காலக் கயட்டச் சொல்லி, பெல்ட்டு தேஞ்சுகீதா, ஸ்க்ரூ லூசா கீதான்னு பாத்து டைட் பண்ணிட்டுப் போவும். டாக்டரு கூட அப்பிடிப் பாக்கல." அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். "ஏழுமல, அந்தக் கயித்த பாப்பா முன்னாடியே பாத்துச்சு. எங்கிட்ட சொல்லுச்சு."

"தெரியும்ணே" என்றான்.

"பாப்பா சொல்லுச்சா?"

"அது இன்னிக்கு வரிக்கும் ஒரு வார்த்த சொல்லல. அறுந்த முனை என் மூஞ்சிக்கு நேராதான் கெடந்துச்சு. புதுசா அறுந்த இழை பளபளன்னு கீது. பாதி இழை முனையில துரு ஏறிக் கெடந்துச்சு, அதெல்லாம் எப்பவோ அறுந்தது. அதுல ஒண்ணுல பனியன் வேஸ்ட்டு நூலு மாட்டிகினு இருந்துச்சு. யாரோ தொடச்சுப் பாத்துகீறாங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ தொடைக்கல. பின்ன யாரு தொடச்சிருப்பாங்க?"

விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உன் வேல போயிருக்கும். என் காலு வந்திருக்குமா?" என்றான். சிரிப்பு நின்றுபோயிருந்தது. "ஆனா ஆரணில நீ பேசினத கேட்டவன் ஒருத்தன் இங்க நாஷ்டா துன்ன வந்து, அதிசயம் அதிசயம்னு எங்கிட்டயே சொன்னாம்ணே. அன்னிக்குதான் பேஜாராயிடுச்சு. என்னிக்காவது ஒரு தபா வருவன்னு பாத்தேன். ஒம்போது வருசம் கயிச்சு, பத்திரிக வைக்க வந்துகீற." அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் கையை உருவிக்கொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "பார்சலுக்கு ஆளு நிக்குதுண்ணே" என்றான்.

எஸ்தர், கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் பட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்குள் கடவுளைக் கொண்டு போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. நான் கொண்டுபோனது தப்பில்லை, கொண்டுபோய் உட்கார வைத்த இடம்தான் தப்பு. நான் குனிந்து பார்க்க வேண்டிய இடத்தில் அவரை உட்கார வைத்தேன். என் வீம்புக்கு அவரை முன்னால் நிறுத்தினேன். கடைசியில் என் பொய்க்கும் அவரையே கையெழுத்துப் போட வைத்தேன். பக்தியில்லாத ஒருத்தன் என் இடத்தில் இருந்திருந்தால், வேலை போய்விடும் என்ற பயத்திலாவது துணியைப் போட்டு இழுத்திருப்பான். நாளைக்கு உனக்கும் பெயர் வரும், அனுபவம் வரும், உனக்குக் கீழே பத்து பேர் வருவார்கள். அதில் ஒரு சின்னப் பெண் வந்து துணி மாட்டுகிறது என்று சொன்னால், உனக்கு எவ்வளவு நிச்சயமாக இருந்தாலும், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும், குனிந்து பார். உன் ஜெபத்தை நீ மாற்றிக்கொள்ள வேண்டாம். இப்போது நானும் காலையில் அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். வாய்க்கு இன்னும் பழகவில்லை.

பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "இத இப்ப சபையில சொன்னா விசுவாசிங்க இடறிப் போவாங்க பிரதர், நீங்க ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல, போதும்" என்றார். ஆண்டவரிடம் சொல்வது எனக்குச் சுலபம் ஐயா, அவர் திருப்பிப் பேச மாட்டார், நான் பொய் சொன்னது இவர்களிடம்தானே என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நிற்கப் போகிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது சொல்லி முடித்திருப்பேன். ஆலைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன செய்தாலும் சரி, ஏற்றுக்கொள்கிறேன். உன் கல்யாண மேடையில் நான் பேசப் போவதில்லை. ஏழுமலை வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டியது உன் பொறுப்பு, நான் கூப்பிட்டால் உட்கார மாட்டான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று கிழித்த தாளை நான் எரித்துவிட்டேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். எரிக்கத் துணிச்சல் இல்லை. என் வேதாகமத்தின் ரெக்சின் உறைக்குள் செருகி வைத்தேன், பிறகு மறந்ததுபோல இருந்துவிட்டேன். அந்த வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஆரணியிலும் பொன்னேரியிலும் மற்ற எல்லா இடத்திலும் பேசினேன். நான் சாட்சி சொல்ல நின்ற ஒவ்வொரு மேடையிலும் உன் தாள் என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. படமும், அம்புக்குறியும், பதினாலு என்று நீ வட்டம் போட்ட எண்ணும் அப்படியே இருக்கின்றன. கீழே, 'சரிபார்த்தவர்' என்று எழுதிக் கோடு போட்டு, என் கையெழுத்துக்காக இடம் விட்டிருந்தாய். அன்று அதை நான் கவனிக்கவே இல்லை.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பாப்பா. பழைய தேதி போடவில்லை. இன்றைய தேதிதான் போட்டிருக்கிறேன்.

நைனா